தாழம்பூ மணக்கும் வேர்

அப்பாவு நான்கு நாளாகச் சாப்பிடவில்லை என்று வார்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆளைப் பார்த்ததும் நம்பினேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் குறுகி உட்கார்ந்திருந்தவன் ஒரு காலத்தில் நாளைக்கு ஐம்பது தென்னை ஏறி இறங்கினான் என்றால் சின்னக் குழந்தைகூட ஒப்புக்கொள்ளாது. கழுத்தைச் சுற்றி ஒரு தழும்பு வேறு. போன வாரம் லுங்கியைக் கிழித்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்தவன் முழித்துக்கொண்டு கத்தியதால் பிழைத்தான்.

திங்கட்கிழமை சித்தூர் கோர்ட்டில் மூன்றாவது முறையாக ஜாமீன் மனு வருகிறது. அதுவும் தள்ளுபடியானால், அடுத்த தடவை பக்கத்தில் படுத்திருப்பவன் முழித்துக்கொள்வான் என்று என்ன நிச்சயம்? அன்றைக்குச் சனிக்கிழமை, காலை பத்து மணி.

என் பெயர் வெங்கட். திருப்பதியில் ஒரு பாத்திரக் கடை மாடியில் இயங்கும் துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. நகரியில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், அதனால் மெதுவாகப் பேச வராது. எனக்கு நேர் எதிர் என் முதலாளி அலர்மேல்மங்கை மேடம். பன்னிரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு ராஜினாமா செய்தவர். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும், பதில் வராது. மத்தியானம் எங்கே சாப்பிடப்போகிறோம் என்பதைக்கூட இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

கேஸ் இதுதான். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வடமாலபேட்டைக்குப் பக்கத்துத் தோப்பில் வரதராஜன் என்ற பெரிய விவசாயி செத்துக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் அவருடைய மரமேறி அப்பாவுவின் அரிவாள், ரத்தத்தில் தோய்ந்து. நாலடி தள்ளி ஒரு தென்னை. அதிலிருந்த ஒரே முற்றின குலையைக் காணோம்.

அந்தத் தென்னை சாதாரணத் தென்னை இல்லை. குட்டை ரகம். இளநீரைச் சீவினால் தாழம்பூ மணக்கும். பெரியவர் வரதராஜனின் அப்பா எந்தச் சீமையிலிருந்தோ கொண்டுவந்து வைத்தது. நான்கு ஜில்லாவில் தேடினாலும் இன்னொன்று கிடையாதாம். குலையைத் திருடி நர்சரிக்கு விற்கப் பார்த்தான், பெரியவர் பார்த்துவிட்டார், அரிவாளின் பின்பக்கத்தால் அடித்துக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் எழுதி, அப்பாவுவை உள்ளே தள்ளி ஏழு மாதம் ஆகிறது.

"அந்தக் காயை யாரோ முளைக்க வச்சிருக்காங்கன்னு வச்சிக்கோ, அப்பாவு" என்றார் வலைக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்திருந்த மேடம். "இந்நேரம் நாலு இலை உட்டிருக்கும். நூறு தென்னம்பிள்ளை நடுவுல கலந்து வச்சிருந்தா, அதை எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"பார்த்தா தெரியாதும்மா." குரல் கிணற்றடியிலிருந்து வருவது போலிருந்தது. "இலை, தண்டு, கலரு எல்லாம் மத்த குட்டை ரகம் மாதிரியேதான் கீது. காய் வக்கிற வரைக்கும் ஒண்ணியும் தெரியாது. நாலு வருசம் ஆவும்."

"திங்கக்கெழமை கோர்ட்ல நாலு வருசம் வாய்தா கேட்டுப் பார்க்கலாமா மேடம்?" என்றேன் நான்.

மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வார்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் அப்பாவு தலையைத் தூக்கினான். ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி மேடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"வேரை மோந்து பாருங்கம்மா."

"இன்னாது?"

"பிள்ளையோட வேர். பக்கத்துல மண்ணைச் சொரண்டினா இளசா, வெள்ளையா ஒரு வேர் நுனி வரும். அதைக் கிள்ளி விரல்ல நசுக்கினா தாழம்பூ வாசம் அடிக்கும். பெரியவரு மூணு தபா காய் போட்டாரு. வாசம் வந்த பிள்ளையை மட்டும் வச்சிக்கினு மிச்சத்தைப் புடுங்கிப் போட்டுட்டாரு. வச்ச ரெண்டையும் காண்டாமிருக வண்டு துன்னுட்டுது, அது வேற கதை. ஆனா வாசம் பொய் சொல்லாதும்மா."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அவருக்கும் எனக்கும்தான். வேட்டியைப் போட்டுத் தாண்டச் சொல்லி சத்தியம் வாங்கிக்கினாரு. நான் வூட்டுலகூட சொல்லல. போலீசு கேட்டப்பகூட சொல்லல. செத்துப்போனவருகிட்ட பண்ண சத்தியமாச்சேன்னு... இப்ப இன்னா, நானே சாவப் போறேன்."

"அந்தப் பேச்சை விடு. குலையில எத்தினி காய் இருந்துது?"

அப்பாவு முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தான். "அதை யாரு எண்றது? அந்த மரத்துல மட்டும் காயை எண்ணக் கூடாதும்மா. கண்ணு பட்டுடுமாம். பழைய வேட்டியைக் கிழிச்சு குலையைச் சுத்தி மூட்டை மாதிரி கட்டி வச்சிருந்தாரு. ஒண்ணு, ரெண்டுன்னு என் வாயில வந்தா செருப்பு பிஞ்சிடும்னுவாரு. அவருகூட எண்ணினதில்ல."

வார்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எழுந்தபோது அப்பாவு வலையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்தது. கொலைக்கு இரண்டு நாள் முன்னால் மழையில் பாசி பிடித்த மரத்திலிருந்து விழுந்து உடைந்து, புத்தூர் வைத்தியர் கட்டுப் போட்ட கை. எலும்பு கூடுவதற்குள் விலங்கு போட்டுவிட்டார்கள்.

"கெடைச்சுதுன்னா எனக்கு வந்து சொல்லணும்மா. எங்க கெடைச்சுதுன்னு சொல்லணும்."

"சொல்றேன். நீ இன்னிக்குச் சாப்பிடணும்."

"அது கெடைச்சா துன்றேன்."

வெளியே புளியமரத்தடியில் அப்பாவுவின் மனைவி செல்வி காத்திருந்தாள். எங்களிடம் இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் அவள்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தோப்புக் குடிசையிலிருந்து துரத்திவிட்ட பிறகு கங்காதர நெல்லூரில் ஓர் அறை எடுத்து, மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்து, ஆறாவது படிக்கும் ஒரே பெண் ஹரிதாவைக் காப்பாற்றுகிறாள். மாம்பழச் சாறு ஏறி அவள் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கையில் புருஷனுக்குக் கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமலே இருந்தது.

"துன்னாரா மேடம்?"

இல்லை என்று மேடம் தலையை ஆட்டினார். செல்வி பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அந்த புத்தலப்பட்டு நர்சரிக்காரன்தான் மேடம். நாகபூஷணம். பெரியவரு இருக்கறப்பவே மூணு தபா வந்து விதைக்காய் கேட்டு சண்டை போட்டுக்கினு போனான். எங்க குடும்பத்தையே கெடுத்துப்புட்டு அவன் சொகமா கீறான். பதினோரு காயும் அவன்கிட்டதான் மொளைச்சிக்கினு இருக்கும். ஒரு தபா போய்ப் பாருங்க மேடம், உங்க கால்ல உழறேன்."

"அங்கதான் போறோம். நீ வூட்டுக்குப் போ. சாயங்காலம் வந்து சொல்றேன்."

வேர் விஷயத்தை மேடம் அவளிடம் சொல்லவில்லை. அது பழக்கம்தானே என்று நான் வேனைக் கிளப்பினேன்.

புத்தலப்பட்டு வரைக்கும் வெயிலும் நானும்தான் பேசிக்கொண்டு வந்தோம். வேனில் ஏ.சி. கிடையாது. கண்ணாடி இறங்கும், ஏறாது.

"மேடம், ஒரு சந்தேகம். கை உடைஞ்ச ஆளு எப்படி மரம் ஏறி குலையை வெட்டுவான்?"

"ஏறவே வேணாம். குட்டை ரகம். குலை என் மார் உசரத்துல தொங்கும். நான் போய்ப் பார்த்தேன்."

"அப்போ யார் வேணா வெட்டலாம்?"

"யார் வேணா வெட்டலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாகபூஷணத்தின் நர்சரி ரோட்டை ஒட்டியே இருந்தது. பச்சை வலைக்குக் கீழே மாங்கன்று, கொய்யா, ரோஜா, கடைசியில் தென்னம்பிள்ளை மேடைகள். ஆள் நல்ல பருமன். கழுத்தில் துண்டு, வாயில் வெற்றிலை. நாங்கள் யாரென்று சொன்னதும் எழுந்துகூட நிற்கவில்லை.

"ரண்டி மேடம், ரண்டி. வந்து நல்லா பாருங்க. போலீசு ரெண்டு தபா பார்த்துட்டுப் போச்சு. தென்னம்பிள்ளைக்கு மூஞ்சியா இருக்குது, அப்படியே வரதராஜன் தோப்பு ஜாடைன்னு சொல்றதுக்கு?"

"மூஞ்சி இல்லை. வேர் இருக்குது" என்றார் மேடம். "குட்டை ரகம் எத்தினி வச்சிருக்கீங்க?"

"இருநூத்திப் பத்து. எந்துக்கு?"

"ஒவ்வொண்ணா மோந்து பார்க்கணும்."

நாகபூஷணத்துக்கு வெற்றிலைச் சாறு புரையேறிவிட்டது. இருமி முடித்துச் சிரித்தார். ஓரமாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்த ரத்னம்மாவைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு வேர் வேணுமாம். பிள்ளை சாவாம எடுத்துக் குடு" என்றார். பயப்படுகிறவன் இப்படிச் சிரிப்பானா என்று எனக்கு அப்போதே உதைத்தது. ஆனால் மேடம் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடையில் இறங்கிவிட்டார்.

ரத்னம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல். நாற்று மேடையிலேயே வாழ்க்கை போனவள். பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் மண்ணைச் சுரண்டுவாள், இளசாக ஒரு வெள்ளை நுனியைக் கிள்ளுவாள், மண்ணை மூடி ஒரு தட்டுத் தட்டுவாள். நுனி என் கைக்கு வரும். நான் நசுக்கி மோப்பேன். ஏன் நான்? "சாயப்பட்டறை நாத்தத்துலயே பொறந்த மூக்கு, எதையும் தாங்கும்" என்றார் மேடம். இந்த உலகத்தில் என் உடம்பில் உள்ள எதற்காவது கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

முதல் பிள்ளை, மண். இரண்டாவது, மண். மூன்றாவது, மண்ணும் எருவும். ஐம்பது தாண்டியபோது எனக்கும் மண்புழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நூறு தாண்டியபோது மூக்கு வேலைநிறுத்தம் செய்தது. சட்டைக் காலரை மோந்து மூக்கைச் சரி பண்ணிக்கொள் என்றார் மேடம். காலர் அதைவிட மோசம்.

நூற்றி நாற்பத்தி மூன்றாவதில் வந்தது பாருங்கள். தாழம்பூ! சந்தேகமே இல்லை.

"மேடம்! கெடைச்சுது!" என்று நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது.

மேடம் ஓடிவந்தார். நுனியை வாங்கி மோந்தார். அப்புறம் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கொட்டகைக்குள் சாமி படத்துக்கு முன்னால் நாகபூஷணம் பயபக்தியோடு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். தாழம்பூ ஊதுபத்தி.

"மத்தியான பூஜை" என்றார் அவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

ஊதுபத்தியை அணைக்கச் சொல்லி மீதியையும் மோந்து முடித்தபோது மணி இரண்டரை. இருநூற்றிப் பத்தும் மண்தான். நான் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பசி ஒரு பக்கம் இருக்கட்டும், கண் முன்னால் அந்தக் கழுத்துத் தழும்புதான் வந்து வந்து போனது. இந்த ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டுதானே அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறான்? அவனிடம் போய் இல்லை என்று யார் சொல்வது?

நாகபூஷணம் எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த ரகம் என் கைக்கு வந்திருந்தா, ரோட்ல இத்தினி பெரிய போர்டு போட்டிருப்பேன். திருட்டுக் காயை வச்சிக்கினு போர்டு போட முடியுமா? போர்டு போடாம எனக்கு அது எந்துக்கு? அந்தக் குலையை எடுத்தவன் அது வேணும்னு எடுத்த மாதிரியே எனக்குத் தோணல."

மேடம் மோரைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னா தூக்கிப் போட்டிருப்பாங்க. ஏரியிலயோ கெணத்துலயோ."

"காயா இருந்தா போட்டுடலாம்மா" என்றாள் ரத்னம்மா, கை கழுவிக்கொண்டே. "மொளை உட்டுட்டுதுன்னா யாருக்கு மனசு வரும்? பயிர் வச்ச கையி எதுவும் மொளைச்ச காயைத் தூக்கிப் போடாது. ஏதோ ஒரு மூலையில பள்ளம் தோண்டி வச்சுத்தான் ஆவணும். பச்சைப் பிள்ளை ஆச்சே."

டம்ளர் கீழே வந்தது. மேடம் எழுந்துவிட்டார்.

வேனில் ஏறியதும் பைலை எடுக்கச் சொன்னார். "எஃப்.ஐ.ஆர்.ல காணாம போனது இன்னான்னு எழுதியிருக்குது?"

படித்தேன். "முற்றின தேங்காய்க் குலை ஒன்று."

"எத்தினி காய்னு?"

"போடல மேடம்."

"பெரியவரு வூட்டு ஆளுங்க வாக்குமூலத்துல?"

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். "எங்கியும் இல்ல. எண்ணினாத்தானே போடுவாங்க? அதான் மூட்டை கட்டி வச்சிருந்தாராமே."

"கங்காதர நெல்லூருக்கு உடு."

"சாப்பாடு?"

மேடம் பைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எனக்கு இன்னும் புரியவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செல்வியின் வீடு ஒரே அறை. மேலே சிமென்ட் தகடு. பின்னால் துவைக்கிற கல்லும் கொடியில் காயும் ஒரு பள்ளிக்கூடச் சீருடையும். ஹரிதா டியூஷனுக்குப் போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் செல்வி சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"இருந்துதா மேடம்? அவன்கிட்ட இருந்துதா?"

மேடம் தண்ணீரை வாங்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். துவைக்கிற தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் மூலையில், சுற்றி ஆறு செங்கல் அடுக்கி, ஆடு கடிக்காமல் முள் வைத்து, ஒரு தென்னம்பிள்ளை. நாலு இலை. தளதளவென்று நின்றது.

"பிள்ளை நல்லா வந்திருக்குதே. எங்க வாங்கினே?"

"அது... சந்தையில மேடம். சமையலுக்கு வாங்கின தேங்கா, மொளைச்சிருந்துது. சரின்னு வச்சேன்."

"வெங்கட்" என்றார் மேடம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

இரண்டு விரலால் மண்ணைச் சுரண்டினேன். ரத்னம்மா காட்டின மாதிரியே, இளசாக ஒரு நுனி. கிள்ளினேன். நசுக்கினேன். மூக்குக்குக் கொண்டுபோனேன். மண் வாசனைக்கு மேலே, சோப்புத் தண்ணீர் நாற்றத்துக்கும் மேலே, மெதுவாக ஆனால் தப்பே இல்லாமல், தாழம்பூ. இங்கே ஊதுபத்தி எதுவும் எரியவில்லை. கடவுளே, இது சாயப்பட்டறையில் வெந்துபோன மூக்கு, தப்பாகத்தான் சொல்கிறது என்று இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். நுனியை மேடத்திடம் நீட்டினேன். அவர் மோந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா மேடம் பண்றீங்க?" என்று செல்வி கிட்டே வந்தாள்.

"இந்த ரகத்துக்கு வேர்லயே தாழம்பூ வாசம் உண்டு. காய் வக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம்."

"யாரு... யாரு சொன்னது?"

"உன் வூட்டுக்காரன். இன்னிக்குக் காலையில."

செல்வி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"காலையில பதினோரு காய்னு சொன்னே" என்றார் மேடம். கோபமே இல்லாத குரல். "வேட்டித் துணிக்குள்ள இருந்த குலை. பெரியவரு எண்ணல, அப்பாவு எண்ணல, போலீசு எண்ணல. துணியைப் பிரிச்ச கைக்கு மட்டும்தான் அது பதினொண்ணு."

அப்புறம் செல்வி பேச ஆரம்பித்தாள். அழவில்லை.

"கை உடைஞ்சு கட்டு போட்டுக்கினு வந்து ஒரு நாள்தான் மேடம் ஆச்சு. பெரியவரு மறுபடி ஆள் அனுப்பினாரு, மரம் ஏற வரச்சொல்லி. இவரு முடியாதுன்னு சண்டை போட்டுட்டு, மறுநாள் கட்டு மாத்த புத்தூர் போய்ட்டு, பொழுதோட தனியா நடந்து வந்துக்கினு இருந்தாரு. நான் போய்க் கேட்டுக்கலாம்னு சாயங்காலம் தோப்புக்குப் போனேன். கை சேர்ற வரைக்கும் உடுங்க நைனான்னு கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கை போனா இன்னா, காலு ரெண்டும் இருக்குதில்ல, ஏறட்டும், இல்லன்னா குடிசையைக் காலி பண்ணுங்கன்னாரு. மார்ல கைய வச்சுத் தள்ளினேன். அவ்ளோதான் மேடம். தண்ணித் தொட்டிக் கல்லுல மண்டை பட்டுது. எழுந்திருப்பாரு, என்னை அடிப்பாருன்னுதான் நின்னுக்கினு இருந்தேன். எழுந்திருக்கவே இல்ல."

"அப்புறம் குலை?"

"நர்சரிக்காரன் மேல போவட்டும்னு மேடம். அவன்தானே அதுக்கு அலைஞ்சிக்கினு இருந்தான்? மோட்டார் ரூம்ல இவரு அரிவாள் மாட்டியிருந்துது. அதால வெட்டினேன். கை நடுங்கி அரிவாள் கீழ உழுந்து ரத்தத்துல பொரண்டுடுச்சு. அதைத் தொட பயந்துக்கினு அப்படியே உட்டுட்டு ஓடினேன். இவரு அரிவாள்னு எனக்கு ஓடறப்ப நெனப்பு வரல. வரலியே மேடம்!"

ஏழு மாதமாக இவள் தூங்கியே இருக்க மாட்டாள் என்று தோன்றியது. புருஷன் மேல் வராமல் இருக்க ஒன்று செய்தாள், அது அவன் கையில் விலங்கானது. அவனை வெளியே எடுக்க எங்களைத் தேடி வந்தாள். நாங்கள் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது.

"பத்து காயை மெதக்காம இருக்க கல்லோட சாக்குல கட்டி தோப்புக் கெணத்துலயே போட்டேன். ஒண்ணு மட்டும் விறகு மூட்டைக்குள்ள உருண்டுபோய் இங்க வந்துடுச்சு. ஒரு நாளு பார்த்தா மொளை உட்டிருக்குது. ரெண்டு தபா ஏரிக்கரை வரைக்கும் எடுத்துக்கினு போனேன் மேடம். போட முடியல. பாப்பாதான் தெனம் தண்ணி ஊத்தறா." அவள் மேடத்தின் கையைப் பிடித்தாள். "ஒவ்வொரு தபாவும் ஜெயிலுக்குப் போறப்ப சொல்லிடலாம்னுதான் போறேன். நானும் உள்ள போய்ட்டா பாப்பா எங்க போவும்? அவரு வெளிய வந்துட்டா போதும், அப்பால நானே போய்ச் சொல்லிடணும்னு இருந்தேன்."

"அவன் வெளிய வர்றதுக்கு வேற வழி இல்ல செல்வி. தள்ளிவிட்டதுக்கும் அரிவாளால அடிச்சுக் கொன்னதுக்கும் சட்டத்துல ரொம்ப வித்தியாசம் கீது. நீயா போய்ச் சொன்னா இன்னும் வித்தியாசம். வக்கீலை நான் கூட்டிக்கினு வரேன். அப்பாவு வர்ற வரைக்கும் ஹரிதா என் வூட்ல இருப்பா." மேடம் சொம்பைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலையில போலாமா?"

சரி என்று செல்வி தலையை ஆட்டினாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"இதையும் எடுத்துக்கினு போவணுமா?"

"ஆமா. தாய் மரத்தோட வச்சுப் பார்ப்பாங்க. இதுதான் சாட்சி."

நான் முள்ளை ஒதுக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். செல்வி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"நீங்க உடுங்க சார். வேர் அறுந்துடும். நானே எடுக்கறேன்."

உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைச் சுற்றிலும் வாரி, ஒரு வேர் முறியாமல் அந்தப் பிள்ளையைத் தூக்கினாள். ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினாள். வேனில் வைத்தபோது, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை கோர்ட் வராந்தாவில் நல்ல கூட்டம். செல்வி முந்தின நாளே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டாள். காகிதமெல்லாம் வக்கீல் கையில் இருந்தது. அப்பாவுவுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நடந்து வந்தவன் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுது" என்றார் மேடம்.

அந்த முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவே இல்லை. விலங்குக் கையால் பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளின் முழங்கையை இடித்தான்.

"நான் சொன்னேன் இல்ல சார்? வேரை மோந்தா தெரிஞ்சுடும்னு. பொய் சொல்லாது சார் அது." மறுபடி எங்களிடம் திரும்பினான். "எங்கம்மா இருந்துது? அந்த நர்சரிக்காரன்கிட்டயா?"

மேடம் கேட்டால்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவர் என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அப்பாவு கூட்டத்துக்குள் எங்கள் தோளுக்கு மேலே எட்டி எட்டித் தேடினான்.

"செல்வி வரலியா?" என்றான். "அவகிட்ட நான்தான் முதல்ல சொல்லணும்."